சாய்வெழுத்து

தாரிகா இங்கிலாந்துக்குப் போய் இரண்டு வருஷமும் ஐந்து மாதமும் ஆகியிருந்தன. உரும்பிராயில் அவளுடைய சீதன வீட்டில் இப்போது இரண்டு ஆண்கள் மட்டும் இருந்தார்கள். ஒருவர் அவளுடைய அப்பா பஞ்சலிங்கம். மற்றவன் அவளுடைய புருஷன் பிரணவன். இருவரையும் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான். அவள் போன பிறகு மாமனும் மருமகனும் ஒரே விடுதியில் தங்கியிருக்கும் இரண்டு பயணிகள் மாதிரி ஆகிவிட்டார்கள். குசினி வாசலில் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி மற்றவருக்கு வழி விடுவார். கிணற்றடியில் ஒருவர் நின்றால் மற்றவர் திரும்பிப் போய்க் கொஞ்சம் பொறுத்து வருவார்.

பஞ்சலிங்கத்துக்கு எழுபத்திரண்டு வயது. பிறந்தது காங்கேசன்துறை. அங்கே சீமெந்துத் தொழிற்சாலையில் மூட்டை கட்டும் பகுதியில் பதினைந்து வருஷம் வேலை செய்தவர். தொண்ணூறில் சண்டை தொடங்கித் தொழிற்சாலை நின்றது. ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. மனுசியையும் நாலு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து உரும்பிராயில் ஒரு தோட்டக் கொட்டிலில் இறங்கினார். குத்தகைக்கு மண் எடுத்து வெங்காயம் நட்டார். பிறகு ஒரு காணித் துண்டு வாங்கி, மகளின் கலியாணத்துக்காக இந்த வீட்டைக் கட்டினார். சுவரில் உள்ள ஒவ்வொரு கல்லும் அவர் பக்கத்தில் நின்று அச்சில் அரிவித்த சீமெந்துக் கல். வீடு குடிபுகுந்த மறுவருஷம் மனுசி இறந்துபோனார்.

பிரணவன் வட்டுக்கோட்டையான். தாய் தகப்பன் இல்லை. நாற்பத்து மூன்று வயது. அவன் என்ன தொழில் செய்கிறான் என்பது அந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. புத்தகம் எழுதுகிற ஆள் என்று சிலர் சொன்னார்கள். கடைகளுக்குப் போர்ட் எழுதுகிறவன் என்று சிலர். அவன் செய்தது வேறு. கணினியில் விரல் தட்டினால் ஒரு எழுத்து விழுகிறதே, அந்த எழுத்தின் உருவத்தை யாரோ ஒருவர் இருந்து வரைந்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர்களில் அவனும் ஒருவன். ஒல்லாந்தில் ஒரு சின்னக் கம்பனி அவனுக்கு வேலை கொடுத்தது. அவர்களுக்காக நாலு வருஷம் மினக்கெட்டு ஒரு ஆங்கிலச் சாய்வெழுத்து வரைந்தான். மெல்லிய, வலப்பக்கம் சற்றே சாய்ந்த எழுத்து. ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் பேனாவைத் தூக்கி எடுத்தபோது விழுந்தது மாதிரி ஒரு சின்னக் கூர் இருக்கும். பஞ்சலிங்கம் அந்தக் கூருக்குக் 'குதி' என்று பேர் வைத்திருந்தார். "உம்மடை எழுத்துகள் எல்லாம் குதி தூக்கின சப்பாத்துப் போட்டுக்கொண்டெல்லே நிக்குதுகள்" என்பார்.

அந்த எழுத்து வெளிவந்து மூன்று வருஷம். வெளிநாடுகளில் கலியாண அழைப்பிதழ்களிலும் கவிதைப் புத்தக அட்டைகளிலும் பெரிய சாப்பாட்டுக் கடைகளின் பட்டியல்களிலும் அது போய் இருந்துகொண்டது. கம்பனிக்காரர் சிலவேளை படம் அனுப்புவார்கள். உரும்பிராயில் அதை ஒருவரும் கண்டதில்லை. இப்போது அதற்குத் துணையாகத் தமிழ்ச் சாய்வெழுத்து ஒன்றை அவன் வரைந்துகொண்டிருந்தான்.

ஐப்பசி மாதம். காலமையே வானம் மூடிக் கிடந்தது. பஞ்சலிங்கம் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, ஒன்றை அவனுடைய மேசையில் வைத்துவிட்டுக் கணினியைப் பார்த்தார்.

"உது நேற்றும் கிடந்த 'ழ' எல்லே?"

"ஓம் மாமா. வால் சரிவரேல்லை."

"நான் பார்க்க ஒரு கிழமையா உதுதான் கிடக்கு."

"பத்து நாள்."

"அதுக்கு என்ன குறை? ஆர் பார்த்தாலும் 'ழ' எண்டுதானே வாசிப்பினம்?"

"வாசிப்பினம். ஆனா மற்ற எழுத்துகளோடை சேர்ந்து நிக்கேக்கை இது மட்டும் புறிம்பா நிக்குது." பிரணவன் கதிரையைத் திருப்பினான். "கணினி நேர் எழுத்தைப் பிடிச்சுச் சும்மா சரிச்சு விடும் மாமா. காத்துக்குச் சரிஞ்ச வாழை மாதிரி. அது எனக்கு வேண்டாம். நடந்து போற ஆள் மாதிரி வேணும். நடக்கேக்கை ஆள் கொஞ்சம் முன்னுக்குச் சாயுமெல்லே, அந்தச் சாய்வு."

பஞ்சலிங்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு விளங்கேல்லை" என்றார். "மழை விட்டால் வாற கிழமை வெங்காயம் நடுறன். ஆக்களுக்குச் சொல்லியிருக்கிறன். பின்னேரம் ஒருக்காப் பிளாஸ்ரிக் விரிப்பை இழுத்துவிட ஒரு கை தாரும்."

"ஓம் மாமா."

அவன் ஓம் என்றானே தவிர, பின்னேரம் அவர் தனியாகத்தான் விரிப்பை இழுத்து விதை வெங்காயத்தை மூடினார். அவன் அறைக்குள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு 'ழ'வின் வாலோடு இருந்தான். அவர் கூப்பிட்டது கேட்கவில்லை.

தாரிகாவும் அப்படித்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தவள்.

அவள் கோப்பாயில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்தாள். கதை பேச்சில் ஆசையுள்ள பிள்ளை. பள்ளியில் நடந்ததை எல்லாம் வந்து சொல்லவேண்டும். ஆர் அழுதது, ஆர் சாப்பாட்டுப் பெட்டியை மாற்றிச் சாப்பிட்டது என்று. அவன் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டு கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாலு வருஷமும் அவன் அந்த ஆங்கில எழுத்தை வரைந்த நாலு வருஷமும் ஒன்றுதான். அவள் டொக்டரிடம் போய்வந்த ஒரு நாள், அவனுடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, "இஞ்சாருங்கோ, இந்த எழுத்திலை என்ரை பேரை ஒருக்கா எழுதிக் காட்டுங்கோவன்" என்று கேட்டாள்.

"பேரிலை வாற 'கே' எழுத்து இன்னும் முடியேல்லை. முடிய எழுதித் தாறன்" என்றான் அவன்.

கே முடிந்தது. எழுத்து முழுவதும் முடிந்தது. அவள் திரும்பக் கேட்கவில்லை. அவனுக்கும் நினைவு வரவில்லை.

முதியோர் பராமரிப்பு வேலைக்கென்று அவள் இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தபோது அவன் தடுக்கவில்லை. நல்லதுதானே என்றான். போன முதல் வருஷம் மூன்று தரம் அவனை வரச்சொல்லிக் கேட்டாள். முதல் தரம், தமிழ் எழுத்து இப்போதுதான் தொடங்கியிருக்கு என்றான். இரண்டாம் தரம், மாமாவைத் தனிய விட்டுப்போட்டு எப்படி என்றான். மூன்றாம் தரம் அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்கே ஞாபகம் இல்லை. அதன் பிறகு அவள் கேட்கவில்லை. தொலைபேசியில் அப்பாவோடுதான் கனநேரம் கதைப்பாள். "அவரிட்டைக் குடுக்கட்டோ?" என்று பஞ்சலிங்கம் கேட்டால், "வேலையா இருப்பார், விடுங்கோ" என்பாள்.

கடிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை. பதிவுத் தபால். பிரணவனுடைய பேருக்குத்தான் வந்தது. அவன் அறைக்குள் இருந்தான். பஞ்சலிங்கம் கேற்றடியில் கையெழுத்து வைத்து வாங்கினார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன்னரே மகள் அழுது அழுது அவருக்குச் சொல்லியிருந்தாள். அவர் கடிதத்தைக் கொண்டுபோய்த் தன்னுடைய அலுமாரியில் வேட்டிகளுக்குக் கீழே வைத்தார்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அவர் வீட்டில் நின்ற மாதிரியே இல்லை. தோட்டத்தில் மழைத்தண்ணி வடியக் கான் வெட்டினார். வெட்டிய கானைத் திரும்பவும் வெட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் சந்தைக்குப் போய் விளைமீன் வாங்கிவந்தார். கந்தசஷ்டி விரதம் முடிந்து வீட்டில் மச்சம் காய்ச்சுவது அன்றைக்குத்தான். தானே தேங்காய் துருவினார், தானே புளி கரைத்தார். குழம்பும், தலைப்பக்கத்தில் ஒரு சொதியும், முருங்கையிலை வறையும் வைத்தார். பிரணவன் குசினிக்கு வந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா இண்டைக்கு விசேஷம்?" என்றான்.

"ஒண்டுமில்லை. நல்ல மீன் கிடந்தது. இரும், சாப்பிடும்."

அவர் பரிமாறினார். அவன் சாப்பிடுவதை முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். தான் சாப்பிடவில்லை. அவன் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தபோது மேசையில் அந்தக் கடிதம் இருந்தது.

"வியாழக்கிழமை வந்தது தம்பி. நான்தான் வைச்சிருந்தனான். சாப்பிட்டு முடியட்டும் எண்டு பார்த்தனான்."

அவன் உறையைக் கிழித்துத் தாளை விரித்தான். விரித்ததும் அவனுடைய முகம் மலர்ந்தது. பஞ்சலிங்கம் அதைக் கண்டார், கண்டு பயந்துபோனார்.

அவன் கண்டது தன்னுடைய எழுத்தை. கடிதத்தின் தலையில் இங்கிலாந்து வக்கீல்கள் சிலரின் பேர் அவனுடைய ஆங்கிலச் சாய்வெழுத்தில் இருந்தது. பேருக்குக் கீழே ஊரும் தெருவும். அதற்கும் கீழே, விஷயம் என்று போட்ட வரியில், தாரிகாவின் முழுப் பேர். தொடக்கத்து 'டீ' எழுத்தின் மேற்கோடு அடுத்த எழுத்தின் தலைக்கு மேலால் இதமாக நீண்டிருந்தது. கேயின் கால், பக்கத்தில் இருந்த ஏயை இடிக்காமல், விலகியும் போகாமல், ஒரு மயிரிடை விட்டு நின்றது. அந்த இடைவெளிக்காக அவன் ஒரு மாதம் பாடுபட்டிருந்தான். இவ்வளவு நல்ல தாளில், இவ்வளவு கூராக அடித்து அவன் தன் எழுத்தைக் கண்டதில்லை. "மாமா, இது என்ரை..." என்று சொல்ல வாயெடுத்தான்.

அப்போதுதான் கீழே இருந்த வரிகள் வார்த்தைகளாகத் தெரியத் தொடங்கின. தங்கள் கட்சிக்காரர் திருமணத்தை முடிவுக்குக் கொண்டுவர விரும்புகிறார். இணைப்பில் உள்ள படிவம். பதில் தரவேண்டிய நாட்கள்.

அவன் தாளை மேசையில் வைத்தான். பிறகு எடுத்து மடித்தான். வெளியே மழை பெய்யத் தொடங்கி, பத்தியின் தகரக் கூரையில் பெரிய சத்தமாக விழுந்தது.

"உங்களுக்குத் தெரியுமோ மாமா?"

"தெரியும்."

"எப்ப தொட்டு?"

"ரெண்டு கிழமை. பிள்ளை சொன்னவள். உம்மட்டைச் சொல்லச் சொல்லி என்னைக் கேட்டவள். நான் மாட்டன் எண்டிட்டன். புருஷனுக்குச் சொல்லுறதை நீதான் சொல்லோணும் எண்டு ஏசினனான்." அவர் மீன் சட்டியை மூடிவைத்தார். "அவள் காயிதம் போடுவாள் எண்டு நான் நினைக்கேல்லை. வாயாலை சொல்லுவாள் எண்டுதான் நினைச்சனான்."

"நான் என்ன செய்தனான் மாமா?"

பஞ்சலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் போய் நின்று மழையைப் பார்த்தார். "நீர் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி" என்றார். அதை எந்தக் கருத்தில் சொன்னார் என்று பிரணவன் கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தாரிகா அவனுக்கே போன் எடுத்தாள். அங்கே அப்போது காலை. வேலைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். வாகனங்கள் தண்ணீரில் போகிற சத்தம் கேட்டது.

"காயிதம் வந்திட்டுதாம். அப்பா சொன்னவர்."

"ஓம்."

"வாசிச்சீங்களோ?"

"வாசிச்சனான்." அவனுக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைத்தான் சொன்னான். "தாரிகா, அந்தக் காயிதத்திலை மேலை இருக்கிறது என்ரை எழுத்து."

"என்ன?"

"உம்மடை பேர் இருக்கெல்லே, சாய்ஞ்சு. அது நான் கீறின எழுத்து."



"பார்த்தீங்களோ" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "இப்பிடி ஒரு காயிதம் வந்திருக்கு. அதுக்கும் நீங்கள் முதல் கதைக்கிறது எழுத்தைப் பற்றி."

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"நீங்கள் கூடாத ஆள் இல்லை. குடிச்சீங்களோ, அடிச்சீங்களோ, ஒண்டுமில்லை. அப்பாவைப் பார்த்தனீங்கள். ஆருக்குச் சொன்னாலும் எனக்குத்தான் ஏசுவினம். ஆனா நான் அந்த வீட்டிலை இருக்கேக்கையும் தனியத்தான் இருந்தனான். இஞ்சை வந்து, ஒரு அறையிலை, ஒருத்தரையும் தெரியாமல் இருக்கேக்கை ஒரு நாள் யோசிச்சன், இது எனக்குப் புதுசாத் தெரியேல்லையே எண்டு. இஞ்சையாவது அறைக்கதவைத் திறந்தால் உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையெண்டு தெரியும். அங்கை கதவு திறந்துதான் கிடந்தது. நீங்கள் உள்ளுக்கைதான் இருந்தனீங்கள்."

"வேறை ஆரும்..."

"இல்லை. ஒருத்தரும் இல்லை. இருந்திருந்தால் சொல்ல லேசாய் இருந்திருக்கும்."

"நான் அங்கை வரட்டோ?"

"இப்பவோ?" அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "வேண்டாம். வீட்டிலை நீங்கள் இருங்கோ. அது என்ரை பேரிலை இருக்கெண்டு யோசியாதேங்கோ. அப்பாவும் நீங்களும் அப்பிடியே இருங்கோ."

"என்ன உறவுமுறையிலை இருக்கிறது?"

பஸ் வந்துவிட்டது என்றாள். பஸ்ஸில் ஏறுகிற சத்தம் கேட்டது. போனை வைக்கப்போகிறாள் என்று அவன் நினைத்தபோது, மெல்லச் சொன்னாள்.

"கையெழுத்து வைக்கத் தந்த தாளிலையும் என்ரை பேர் அப்பிடித்தான் இருந்தது. கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தனான். என்ரை பேர் இவ்வளவு வடிவோ எண்டு. அது நீங்கள் கீறினதெண்டு எனக்குத் தெரியாது."

அன்றைக்கு அவன் கணினியைத் திறக்கவில்லை. கட்டிலில் கிடந்தான். பின்னேரம் எழும்பிப்போய்த் தோட்டத்தில் நின்ற பஞ்சலிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றான். அவர் ஒரு மண்வெட்டியை எடுத்து நீட்டினார். இருட்டும்வரை இருவரும் வரம்பு கட்டினார்கள்.

படிவத்தில் கையெழுத்து வைத்து அந்தக் கிழமையே அனுப்பினான். மழை இரண்டு நாள் விட்டது. நடுகைக்கு ஐந்து பெண்கள் வந்தார்கள். அவர்களோடு அவனும் குந்தியிருந்து வெங்காயம் நட்டான். ஈரச் செம்பாட்டு மண்ணில் விரலால் குத்தி, வேர்ப்பக்கம் கீழே பார்க்க வைத்து, மண்ணை அணைத்துவிட வேண்டும். முதல் நாள் நாரியும் முதுகும் நிமிர்த்த முடியவில்லை. அவன் நட்ட வரிசையைப் பார்த்து ஒரு மனுசி, "என்ன தம்பி, கோடு போட்டே நட்டனீர்? ஒண்டு விலகேல்லையே" என்று சிரித்தாள். பஞ்சலிங்கமும் சிரித்தார். வரம்பில் இருந்து எல்லோரும் பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள். விஷயம் அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒருத்தியும் தாரிகாவைப் பற்றிக் கேட்காததில் இருந்து அவன் அதை அறிந்தான்.

"நான் போப்போறன் மாமா" என்று அன்றைக்குக் கிணற்றடியில் கால் கழுவும்போது சொன்னான்.

"எங்கை?"

"வட்டுக்கோட்டையிலை ஒரு அறை பார்க்கிறன்."

"ஏன், இஞ்சை இருந்தால் என்ன? நான் கட்டின வீடு. ஆர் உம்மைப் போகச் சொன்னது? பிள்ளையும் இருக்கச் சொல்லித்தானே சொன்னவள்."

"சொன்னவதான். அதுதான் இருக்கேலாமல் கிடக்கு."

பஞ்சலிங்கம் வாளியைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப வெங்காயம் கிண்டி எடுக்கிற மட்டும் நில்லும். எனக்குத் தனிய ஏலாது."

"நிக்கிறன்."

கார்த்திகை, மார்கழி, தை. அந்த மூன்று மாதத்தில்தான் அவர்கள் இருவரும் கூடக் கதைத்தார்கள். போகிற நாள் குறித்த பிறகு கதைப்பது இருவருக்கும் சுலபமாக இருந்தது. பஞ்சலிங்கம் தொழிற்சாலைக் காலத்துக் கதைகளைச் சொன்னார். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், கண்ணிமையில் இருந்த சீமெந்துத் தூளை மனுசி எண்ணெய் தொட்டு எடுத்துவிடுவார் என்று சொன்னார். பிரணவன் காதில் பாட்டு மாட்டுவதை விட்டுவிட்டான். காலமை மூன்று மணித்தியாலம் எழுத்து, பிறகு தோட்டம். அவனுக்கே ஆச்சரியமாக, எழுத்து வேலை அப்படித்தான் கெதியாக நடந்தது. மார்கழியில் பனி விழுந்து வெங்காயத் தாளின் நுனி கருகியபோது இருவரும் சேர்ந்து கவலைப்பட்டார்கள். பொங்கலுக்கு முற்றத்தில் பஞ்சலிங்கம் பானை வைத்தார். பால் வடக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. நல்லது என்றார். என்ன நல்லது வரப்போகிறது என்று இருவருக்கும் தெரியவில்லை.

சிலவேளை, இதைத்தான் அவளும் கேட்டாள் என்ற நினைப்பு அவனுக்கு வரும். ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்து முடிகிற அளவு நேரம், முகம் பார்த்த கதை. அந்த நினைப்பு வருகிற நாளில் அவனால் ஒரு கோடும் வரைய முடியாது.

தை மாதக் கடைசியில் வெங்காயம் கிண்டினார்கள். பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை ஒரு முச்சக்கர வண்டியில் கணினியையும் இரண்டு பெட்டி உடுப்பையும் ஏற்றிக்கொண்டு அவன் போனான். பஞ்சலிங்கம் ஒரு பிடி வெங்காயத்தைக் கொண்டுவந்து அவனுடைய மடியில் வைத்தார். "போட்டு வாறன் மாமா" என்றான் வழக்கப்படி. அவர் தலையை ஆட்டினார்.

வட்டுக்கோட்டையில் அவனுக்குக் கிடைத்தது ஒரு ரியூசன் வகுப்புக்கு மேலே இருந்த அறை. பின்னேரம் ஆனால் கீழே நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்வார்கள். ஐந்தரைக்கு எல்லாம் அடங்கிவிடும். அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் அவன் மட்டும். சாப்பாட்டைக் கடையில் எடுத்துக்கொண்டு வருவான். சில நாள் காலமை எழும்பித் தன்னை அறியாமல் இரண்டு கோப்பைக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிடுவான். மாசி முடிவதற்குள் தமிழ் எழுத்து முழுவதையும் முடித்து ஒல்லாந்துக்கு அனுப்பினான். மிக நன்றாக வந்திருக்கிறது, புரட்டாதியில் வெளியிடுவோம் என்று அவர்கள் எழுதினார்கள். அதைச் சொல்ல ஆளில்லை. கீழே வகுப்பெடுக்கிற மாஸ்டரிடம் சொன்னான். அவர், "அப்பிடியோ, நல்லது" என்றுவிட்டு வெண்கட்டியைத் தேடினார்.

பங்குனியில் ஒரு நாள் பஞ்சலிங்கம் பஸ்ஸில் வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அறையைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் குடித்தார்.

"காங்கேசன்துறையிலை தங்கச்சி வரச்சொல்லுறாள், தம்பி. அவளும் தனியத்தானே. உரும்பிராயிலை என்னாலை தனிய இருக்கேலாமல் கிடக்கு. பகலிலை தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த ஆக்களோடை போகும், காரியமில்லை. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் எந்த அறையிலை இருக்கிறதெண்டு தெரியுதில்லை."

"அப்ப வீடு?"

"விக்கச் சொல்லிப் பிள்ளை சொல்லுறாள். பூட்டி வைச்சால் கறையான்தானே குடியிருக்கும்." அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "கேற்றிலை கட்டுறதுக்கு ஒரு போர்ட் வேணும். கோப்பாயிலை டினேஸின்ரை கடையிலை அடிச்சுத் தருவான். சும்மா ஏதோ ஒரு எழுத்திலை போடுவான். உம்மட்டைக் கேக்காமல் அடிக்க எனக்கு மனம் வரேல்லை. நீர் இவ்வளவு காலம் அந்த வீட்டுக்குள்ளை இருந்துதானே அதுகளைக் கீறினனீர்."

பிரணவன் கணினியைத் திறந்தான். "என்ன போடுறது?"

"வீடு விற்பனைக்கு. கீழை என்ரை போன் நம்பர். வேறை என்ன கிடக்கு போட?"

அவன் தட்டினான். 'வீடு விற்பனைக்கு' என்ற இரண்டு சொற்களும் அவனுடைய தமிழ்ச் சாய்வெழுத்தில் திரையில் வந்து நின்றன. இன்னும் வெளிவராத அந்த எழுத்தால் ஒரு தேவைக்கென்று எழுதப்பட்ட முதல் வார்த்தைகள் அவைதான். அதைப் பஞ்சலிங்கத்துக்கு அவன் சொல்லவில்லை. 'வீ'க்கும் 'டு'வுக்கும் இடையில் கொஞ்சம் நெருக்கினான். 'னை'யை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தான்.

"நல்ல வடிவாய்க் கிடக்கு" என்றார் பஞ்சலிங்கம். கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நடந்து போற மாதிரித்தான் கிடக்கு."

டினேஸ் அடுத்த நாளே வெள்ளைத் தகரத்தில் நீல எழுத்தில் அடித்துக் கொடுத்தான். இருவரும் அதை முச்சக்கர வண்டியில் வைத்து உரும்பிராய்க்குக் கொண்டுபோனார்கள். நல்ல வெயில். தோட்டத்தைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர்கள் மரவள்ளி ஊன்றியிருந்தார்கள். வீட்டு யன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன.

பிரணவன் போர்ட்டைக் கேற்றில் வைத்து நாலு மூலையிலும் கம்பி கோத்தான். பஞ்சலிங்கம் ஒழுங்கையின் அந்தப் பக்க வேலியடியில் போய் நின்று பார்த்தார்.

"வலப்பக்கம் சரிஞ்சு கிடக்குத் தம்பி."

"இல்லை மாமா. போர்ட் நேர்தான். எழுத்துத்தான் சாய்வு."

"எனக்குச் சரிஞ்சமாதிரித்தான் தெரியுது. கொஞ்சம் தூக்கும்."

"தூக்கினால் போர்ட் கோணலாயெல்லே போகும்."

"வாங்கவாறவன் போர்ட்டையோ எழுத்தையோ பார்த்து அளக்கப்போறான்? தூரத்திலை நிண்டு பார்க்க, உந்த வீடு சரிஞ்சு கிடக்குதெண்டு அவனுக்குப் படக்கூடாது. நான் தூக்குக்குண்டு விட்டு மட்டம் பார்த்துக் கட்டின வீடு." "தூக்கும் தம்பி."

பிரணவன் வலப்பக்கத்துக் கம்பியை அவிழ்த்தான். போர்ட்டின் அந்த மூலையை மெல்ல உயர்த்தினான்.

"இன்னும் கொஞ்சம்."

உயர்த்தினான்.

"இன்னும்."

கையில் தகரம் சுட்டது. சைக்கிளில் போன ஒரு பெண் பிள்ளை வேகத்தைக் குறைத்து, போர்ட்டை வாசித்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் அந்த மூலையைத் தூக்கிப் பிடித்தபடி, அவர் போதும் என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். வேலியடியில் பஞ்சலிங்கம் போர்ட்டைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.